தஞ்சாவூருக்கு இரண்டு நாள் வாசகர் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டம் சின்னது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு சனி ஞாயிறு, ஏதாவது பழைய ஊருக்குக் கிளம்பிவிடுவோம். தஞ்சாவூருக்கு மட்டும் மூன்று முறை போயாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்பவர்கள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் தட்டித் தட்டி எனக்குக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மதுரை, காஞ்சிபுரம் எல்லாம் இருக்க, ஏன் மறுபடியும் தஞ்சாவூர்?

வாசிக்கிறவர்களுக்கு அதைவிட வசதியான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. கல்லில் எழுதியது, ஓலையில் எழுதியது, தாளில் அச்சடித்தது மூன்றும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பெரிய கோயிலின் அடிப்பகுதி முழுக்கக் கல்வெட்டு. அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் அரண்மனை வளாகத்துக்குள் சரஸ்வதி மகால் நூலகம், ஓலைச்சுவடிகளோடு. இன்னும் கொஞ்சம் வடக்கே கரந்தை. 1911இல் தொடங்கி, தமிழவேள் உமாமகேசுவரனார் வளர்த்தெடுத்த தமிழ்ச் சங்கம் அங்கேதான். மற்ற ஊர்களைப் பார்க்கப் போகலாம். இந்த ஊரைப் படிக்கப் போக வேண்டும், அதற்கு ஒரு தடவை போதாது.

கிளம்புவதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும்? முழுசாக முடித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் இரண்டு முடித்தவர்களும் வருகிறார்கள், அட்டையைத் தாண்டாதவர்களும் வருகிறார்கள். எங்கள் நிபந்தனை ஒன்றுதான்: ஊரோடு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்றில் பத்துப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவர வேண்டும். அது கதையாக இருக்கலாம், கல்வெட்டுப் பாடமாக இருக்கலாம், பாட்டியின் பழைய கடிதமாகக்கூட இருக்கலாம். ஒருவர் உண்மையாகவே கடிதம்தான் கொண்டுவந்தார். அன்றைக்கு வாசித்ததில் அதுதான் உருப்படி.

அந்தப் பொன்னியின் செல்வனோடு வருகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு ஏமாற்றத்தைச் சொல்லி வைக்கிறேன். முதல் பயணத்தில் ஒரு தம்பி ரயிலை விட்டு இறங்கியதும் கேட்டான், "அண்ணா, சுந்தர சோழர் படுத்திருந்த மாளிகை எந்தப் பக்கம்?" எந்தப் பக்கமும் இல்லை. சோழர் அரண்மனை என்று காட்ட இன்று ஊரில் ஒரு சுவர்கூடக் கிடையாது. இப்போது அரண்மனை என்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது நாயக்கர் கட்டி, மராத்தியர் விரித்தது. அதைவிட வேடிக்கை, அந்தக் கதை நடக்கும் காலத்தில் பெரிய கோயிலே இல்லை. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல், கோயில் முடிந்தது 1010இல். வந்தியத்தேவன் குதிரையில் வந்து பார்த்த தஞ்சை வானத்தில் கோயிலின் அந்த விமானம், கருவறைக்கு மேல் எழும் கோபுரம், கிடையாது. இதைச் சொன்னதும் தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அன்று மாலை கோயில் முன்னால் நின்றுகொண்டு, இது இல்லாத ஊரை நினைத்துப் பார்க்க எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவனே சொன்னான்.

எத்தனை பேர் போகலாம்?

எட்டிலிருந்து பன்னிரண்டு. ஒரு வேனில் அடங்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு கல்வெட்டு முன்னால் அதற்கு மேல் ஆள் நிற்க முடியாது. பதின்மூன்றாவது ஆள் பின்னால் நின்று கைபேசியைப் பார்ப்பார், அவரைப் பார்த்துப் பதினான்காவது ஆளும் பார்ப்பார்.

எப்படிப் போவது? எங்கே தங்குவது?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிவதற்குள் தஞ்சாவூரில் இறங்கலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும். வாரக் கடைசி என்பதால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். கோவை, மதுரைக்காரர்கள் திருச்சி வழியாக வருவார்கள். திருச்சியிலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பழையது ஊருக்குள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் பழையதுதான் பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்டோவுக்குக் காசு கொடுக்காதவர் எங்களில் யாரும் இல்லை.

தங்குவது ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில். நல்ல மொட்டை மாடி இருக்கிற விடுதியாகப் பார்ப்போம். அறையில் டிவி இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, மாடிக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்றுதான் கேட்போம்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மே மாதம் வேண்டவே வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கருங்கல் தளத்தில் பதினோரு மணிக்கு நின்றால், கல்வெட்டில் ஒரு வரி முடிவதற்குள் பரதநாட்டியம் ஆடிவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

பெரிய கோயிலில் மற்றவர்கள் பார்க்காத எதைப் பார்ப்பீர்கள்?

எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், நாங்கள் குனிந்து பார்ப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை ஆறரைக்கே உள்ளே போய்விடுவோம். வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், அப்போதுதான் எழுத்து எழும்பி நிற்கும். உச்சியில் வெயில் வந்துவிட்டால் கல்லும் எழுத்தும் ஒன்றாகிவிடும்.

வடக்குப் பக்கம் அடித்தளத்தில் ராஜராஜனின் ஆணை இருக்கிறது. நான் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும் என்று போகும். கொடுத்த மற்றவர்களுடையதையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொல்கிறான். அக்கன் என்பது அக்காள் குந்தவை. பேரரசனுக்குப் பக்கம் பக்கமாக விருதுப்பெயர்கள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் அவன் வாய்ப்பேச்சு அப்படியே விழுந்திருக்கிறது, ஒரு வீட்டுக்காரர் கல்யாண மொய்க்கணக்குச் சொல்வது போல. எங்கள் வட்டத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "அக்காவை முதல்ல சொல்லியிருக்கார் பாருங்க" என்றார். நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

இன்னொரு கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த பெண்கள். ஒவ்வொருத்தி பெயரும் இருக்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதெல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய அளவை) நெல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி இரண்டில் இது அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்களை எடுத்துவந்து ஆளுக்கு ஐந்து பெயர் வாசிப்போம். வாசித்து முடித்ததும் பேச மாட்டோம், அப்படியே காபி குடிக்கப் போய்விடுவோம். பட்டியல்தான், கதையே இல்லை, ஆனாலும் தொண்டையை அடைக்கிறது.

பிறகு தென்மேற்குப் பக்கத் திருச்சுற்று மதிலுக்குப் போனால் மராத்தி. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் தன் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை அங்கே வெட்டி வைத்தார். எங்களில் யாருக்கும் மராத்தி தெரியாது. தெரியாத எழுத்தின் முன்னால் பத்து நிமிஷம் நிற்பதும் நல்லதுதான்.

சோழர் காலத்து எழுத்தை எங்களால் படிக்க முடியுமா?

ஒரே காலையில் முடியாது, கொஞ்சம் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். முதலில் ட, ப, ம தேடுங்கள். இன்றைய உருவத்துக்கு ரொம்ப தூரமில்லை. க கூட்டல் குறியின் சாயலில் இருக்கும். புள்ளியை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. அதனால் "பொன்" என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததற்கே எங்கள் கூட்டத்தில் கைதட்டல் விழும்.

எழுத்தின் மேல் விரல் வைத்துத் தடவாதீர்கள். சுண்ணாம்புப் பொடி, மாவு தூவிப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பவே கூடாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்தாலே போதும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். மாலை நாலரைக்கு வாருங்கள், அதில் உட்கார்ந்துதான் நாங்கள் முறுக்கு தின்போம்.

சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா?

முடியாது. ஆராய்ச்சிக்கு என்று முறையாக அனுமதி வாங்கி வருகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. நம் மாதிரி ஆட்களுக்கு நூலகத்தோடு சேர்ந்த சின்ன அருங்காட்சியகம். படம் எடுக்கக்கூடாது. அதுவும் நல்லதற்குத்தான், எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பார்ப்பார்கள்.

நாயக்கர் காலத்தில் தொடங்கிய சேகரிப்பு. ஆனால் அதை நூலகமாக்கிய பெருமை சரபோஜிக்கு. 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்தவர். நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய்விட்டது, கையில் மிச்சமிருந்தது கோட்டையும் மானியமும். அதை வைத்துக்கொண்டு புத்தகம் வாங்கினார். 1820இல் காசி யாத்திரை போனவர் அங்கிருந்தும் சுவடிகள் சேர்த்துக்கொண்டு வந்தார். 1805இலேயே அரண்மனைக்குள் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். ஐரோப்பிய நூல்களை வரவழைத்துத் தன் கையெழுத்தைப் போட்டு வைத்தார். வாங்கிய புத்தகத்தில் முதல் வேலையாகப் பெயர் எழுதுகிற நம் பழக்கம்தான்! அதனாலேயே இந்த மனிதர் எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனார். தமிழ், சமஸ்கிருதம், மராத்தி, தெலுங்கு என்று 40,000க்கு மேற்பட்ட சுவடிகள் அங்கே இருக்கின்றன. 1918இல் அது பொது நூலகமானது.

ஓலையின் அருகே போனதும் ஒன்றைக் கவனியுங்கள். அதிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும், அதனால் வைக்க மாட்டார்கள். குறில் எ, நெடில் ஏ வித்தியாசமும் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அதாவது படிக்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். பாட்டுத் தெரிந்தவருக்குத்தான் சுவடி புரியும், சுவடியைப் பார்த்துப் பாட்டைத் தெரிந்துகொள்வது குதிரைக்கொம்பு. சுவடியிலிருந்து பதிப்பித்தவர்கள் பட்ட பாடு என்று முன்னுரைகளில் படிக்கும்போது எனக்கு அது சம்பிரதாயப் பேச்சாகத்தான் பட்டது. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்ற பிறகு அப்படித் தோன்றவில்லை.

வழக்கமாகப் புதன்கிழமை விடுமுறை. அரசு விடுமுறை நாளிலும் திறக்க மாட்டார்கள். இதைப் பற்றிக் கீழே ஒரு சோகக்கதை இருக்கிறது.

அரண்மனையில் வேறென்ன?

கலைக்கூடத்தில் ஒரே ஒரு செப்புத் திருமேனியாவது நின்று பாருங்கள்: திருவெண்காட்டு ரிஷபவாகனர், 1011ஆம் ஆண்டினது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக்கொண்டு, காலை லேசாக மாற்றி வைத்து, ஒரு கையைக் காளை மேல் ஊன்றி நிற்கிறார். காளையைத்தான் காணோம். அது கிடைக்கவேயில்லை. கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காளையின் உயரம், திமில், எல்லாம் நமக்கே தெரிய ஆரம்பிக்கும். நல்ல சிறுகதை இப்படித்தானே வேலை செய்கிறது என்று எங்களில் ஒருவர் ஆரம்பித்தார். நாங்கள் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

மணிக்கூண்டு, தர்பார் கூடம் எல்லாம் நேரமிருந்தால் பாருங்கள்.

வாசிப்பு அமர்வு எங்கே, எப்படி?

சனிக்கிழமை ராத்திரி, மொட்டை மாடியில். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்று முதல் தடவை ஆசைப்பட்டோம். கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து எதுவும் காதில் விழவில்லை. அதற்குப் பிறகு மாடிதான். கொசுவர்த்தி நான்கு, போர்வை இரண்டு, ஒரு ஃபிளாஸ்க் காபி.

ஆளுக்கு ஏழு நிமிஷம். கொண்டுவந்த பத்துப் பக்கத்தில் பிடித்ததை வாசிக்க வேண்டும், வாயால், சத்தமாக. விளக்கம் சொல்லக்கூடாது. இந்த இரண்டாவது விதி எப்படி வந்தது என்றால், எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வரி வாசித்தால் முக்கால் மணி நேரம் பேசுவார். முதல் பயணத்தில் நான்கு பேர் வாசிக்காமலேயே தூங்கப் போனார்கள். இப்போது ஐயாதான் கையில் கடிகாரத்தோடு நேரம் பார்க்கிறார், மற்றவர்களை ஆறே முக்கால் நிமிஷத்தில் நிறுத்திவிடுகிறார்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. வந்து என்ன செய்வேன்?

கேளுங்கள். பேசுகிறவர்கள் எங்களிடம் ஏற்கெனவே நிறைய.

வாசிக்காத கணவரை, குழந்தையைக் கூட்டி வரலாமா?

வரலாம். திருவையாற்று அசோகா அல்வாவுக்காக மட்டும் கூட வந்த ஒருவர், கல்வெட்டில் க எங்கே ட எங்கே என்று எங்கள் எல்லாரையும்விட வேகமாகக் கண்டுபிடித்தார். தினமும் கைப்பட எழுதின பழைய பத்திரங்களைப் படிக்கிற வேலை அவருக்கு. குழந்தைகள் எட்டு வயசுக்கு மேல் என்றால் நல்லது. அதற்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ ஒருவர் பயணத்தைத் தியாகம் செய்யத் தயாராக வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன திட்டம்?

காலையில் வேன் பிடித்துத் தாராசுரம், அங்கிருந்து கும்பகோணம். 40 கிலோமீட்டர் அளவுதான்.

தாராசுரம் கோயிலை எடுப்பித்தவன் இரண்டாம் ராஜராஜன். அவனுடைய அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். அடுத்த தலைமுறையிலேயே அந்த நாயன்மார் கதைகள் கருவறையின் வெளிச்சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஏறிவிட்டன. புத்தகம் வந்த சூட்டோடு சூடாகப் படமும் வந்துவிட்ட மாதிரி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிற காட்சியைத் தேடிக் கண்டுபிடியுங்கள், உள்ளங்கையகலத்தில் முழுக் கதையும் இருக்கும். பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிற்பமாக நகர்ந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. வழிகாட்டி வேண்டாம், பெரிய புராணம் போதும்.

கும்பகோணத்தில் கோயில்களுக்குள் நுழைய மாட்டோம். நுழைந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது. காவிரிக் கரையில் அரசு கல்லூரி இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் உட்காருவோம். 1880இல் உ.வே.சாமிநாதையர் அந்தக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் அந்த ஊருக்கு முன்சீப்பாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் அந்தப் பகுதியை ஆற்றுக்கு எதிரே உட்கார்ந்து வாசிப்போம். முந்தின நாள் சுவடியில் ஒரு வரிகூட வாசிக்க முடியாமல் போனவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்கும். தி.ஜானகிராமனின் மோகமுள் கொண்டுவந்திருப்பவர்கள் இந்த நேரத்தில் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து மணிக்கு வேனுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவோம், ஐந்தே முக்காலுக்கு வருவார்கள்.

செலவு?

போன தடவை ரயில், அறை, வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. அறைக்கு இரண்டு பேர். கணக்கை ஒருவரே பார்க்க வேண்டும், அவர் கவிதை எழுதாதவராக இருந்தால் நல்லது.

இதுவரை நடந்த பெரிய சொதப்பல் எது?

இரண்டாவது பயணம். ரயில், அறை, வேன் எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு முன்பே ஏற்பாடு செய்த நான், அந்தச் சனிக்கிழமை அரசு விடுமுறை என்பதைப் பார்க்கவில்லை. பதினொரு பேர் நூலக வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. ஐயா மட்டும் பூட்டைக் காட்டி, "இதுக்கும் புள்ளி இல்ல" என்றார். எங்களுக்கு இன்றுவரை அர்த்தம் புரியவில்லை, ஆனால் சிரித்துவிட்டோம். அன்றைக்கு மிஞ்சிய மூன்று மணி நேரத்தில்தான் கரந்தைக்கு நடந்து போனோம், அது இப்போது நிரந்தரமாகத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. நாட்காட்டியைப் பாருங்கள், முந்தின நாள் போன் செய்தும் கேளுங்கள்.

பையில் எவ்வளவு புத்தகம் எடுத்து வரலாம்?

ஒன்று. திரும்பும்போது பை நிறைந்துவிடும். சரஸ்வதி மகால் வெளியீடுகள் அங்கேயே விற்பனைக்கு உண்டு. சரபோஜியின் பெயர் தாங்கிய சரபேந்திர வைத்திய நூல்கள், மற்ற சுவடிப் பதிப்புகள் எல்லாம் வெளியே தேடி அலைய வேண்டியவை. சனிக்கிழமையே வாங்கிவிடாதீர்கள், ஞாயிறு முழுக்க வேனில் மடியில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் ஆளாக வாங்குவது நான்தான். போன தடவை மேல் பெர்த்தில் தலைமாட்டில் அடுக்கியது போக மிச்சத்தைக் கணவரோடு வந்தவர் தன் அல்வாப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு புத்தகத்தில் இன்னும் நெய் வாசனை.